கரையான் வயிற்றுக்கு அரசாங்கப் பணம் எதுக்கு?

கரையான் மரத்தைத் தின்னும்னு நமக்குத் தெரியும். தின்னதை எப்படிச் செரிக்குதுன்னு உங்க பிள்ளை கேட்டா என்ன சொல்வீங்க? இந்த மாதிரிக் கேள்விகளுக்கு அமெரிக்க எரிசக்தித் துறை வருஷக்கணக்கா பணம் கொடுத்து வருகிறது. கரையானுக்கும் காருக்குப் போடும் எரிபொருளுக்கும் என்ன சம்பந்தம்?

நம்ம சமையலறையிலேயே விளக்கம் இருக்கு. இட்லி மாவு ராத்திரியில் பொங்குவது நுண்ணுயிர்களின் வேலை. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பது அவற்றுக்குச் சுலபம். மக்காச்சோளமும் அப்படித்தான். அமெரிக்காவில் விளையும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனால் தயாரிக்கப் போகிறது. ஆனா சாப்பாட்டுத் தானியத்தை எரிக்கலாமா?

வைக்கோல், சோளத்தட்டை, மரத்தூள் எல்லாத்திலும் சர்க்கரை இருக்கு. அது செல்லுலோஸ் என்ற நாராக, லிக்னின் என்ற பசையோடு இறுகிக் கிடக்கு. அதனாலதான் வைக்கோல் மாவு மாதிரிப் புளிக்காது. அந்த நாரை உடைக்கும் வித்தை கரையான் குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் சில பூஞ்சைகளுக்கும் தெரியும்.

அணுவிலிருந்து மரபணுவுக்கு

அணுக்கதிர் மனித மரபணுவை எப்படிப் பாதிக்கும் என்ற கவலைதான் இந்தத் துறையை உயிரியல் பக்கம் கொண்டுவந்தது. 1990-ல் தொடங்கிய மனித மரபணுத் திட்டத்தில் அது முக்கியப் பங்காளி. அதற்காக 1997-ல் கலிஃபோர்னியாவில் கூட்டு மரபணு நிறுவனத்தை அமைத்தது. மனிதனின் 5, 16, 19 ஆம் குரோமோசோம்களை வாசித்த பிறகு, அந்த நிறுவனம் செடிகளுக்கும் நுண்ணுயிர்களுக்கும் திரும்பியது.

2006-ல் பாப்லர் மரத்தின் மரபணுத் தொகுதி வெளியானது. முழுசா வாசிக்கப்பட்ட முதல் மரம் அதுதான். 45,000-க்கும் மேல் மரபணுக்கள், நம்மைவிட இரண்டு மடங்குக்கும் மேல்! 2007-ல் கோஸ்டாரிகா காட்டுக் கரையானின் குடல் பாக்டீரியாக்கள். 2008-ல், இரண்டாம் உலகப்போரில் சாலமன் தீவுகளில் ராணுவக் கூடாரத் துணிகளை அரித்த பூஞ்சை. 2009-ல் சோளம். இது மக்காச்சோளம் இல்லை. கரிசல் காட்டில் நம்ம தாத்தா பாட்டி கஞ்சியும் சோறுமாகச் சாப்பிட்ட அதே சோளம்.

பணமும் வாக்கும்

2007-ல் மூன்று உயிரி எரிசக்தி மையங்களுக்கு ஐந்து வருஷத்துக்கு 375 மில்லியன் டாலர் ஒதுக்கினார்கள். 2023-ல் நான்கு மையங்களுக்கு 590 மில்லியன் அறிவித்தார்கள். இவ்வளவு செலவு செய்து என்ன கிடைச்சுது?

நேர்மையா சொன்னா, எதிர்பார்த்த எரிபொருள் கிடைக்கலை. 2022-க்குள் வருஷத்துக்கு 16 பில்லியன் கேலன் நார் எரிபொருள் என்று 2007-ல் சட்டமே போட்டார்கள். நிஜ உற்பத்தி அதன் பக்கத்தில்கூட வரவில்லை. ஆய்வகத்தில் உடையும் நார், தொழிற்சாலையில் கட்டுப்படியாகிற விலையில் உடையவில்லை.

ஆனா வாசித்த மரபணுக்கள் யாருடைய பெட்டியிலும் பூட்டிக் கிடக்கலை. எந்த நாட்டு விஞ்ஞானியும் அந்த நிறுவனத்துக்குத் திட்டம் அனுப்பலாம். தேர்வானால் கட்டணம் கிடையாது; கிடைக்கும் தகவல் பிறகு பொதுவில் வெளியாகும். எரிபொருளுக்காக வாசித்த சோளத்தின் வரைபடத்தை, வறட்சி தாங்கும் உணவுச் சோளம் தேடுபவர்களும் பயன்படுத்தலாம். லாபம் பார்க்கும் கம்பெனி தன் ரகசியத்தை இப்படித் திறந்து வைக்குமா? பொதுப்பணம் தேவைப்படுவது இங்கேதான்.

இந்தப் பணத்தை வருஷா வருஷம் அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானிக்கிறது. செடி வளர வருஷங்கள் ஆகும். தேர்தல் அதுவரை காத்திருக்காது. நிதி குறைந்தால் முதலில் அடிபடுவது ஆராய்ச்சி மாணவர்கள். பாதியில் நின்ற சோதனையை மறுபடி தொடங்குவதும் லேசில்லை. எந்த நாட்டில் வாழ்ந்தாலும், வரி கட்டும் நாம் இதையும் கவனிக்கணும்.

வீட்டில் செய்ய ஒன்று உண்டு. இந்தச் செடிகளின் மரபணு விவரங்கள் 'ஃபைட்டோசோம்' இணையதளத்தில் இலவசம். பெரிய வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சோளத்தைத் தேடிப் பாருங்க. இந்தத் துறைக்குப் பூஞ்சை வளர்ப்பவரும் வேணும், கோடு எழுதுபவரும் வேணும், வயலில் இறங்குபவரும் வேணும். பிள்ளை "பயாலஜி பிடிக்கும்"னு சொன்னா, உடனே "அப்போ டாக்டரா?"ன்னு கேட்டுடாதீங்க. "எந்த உயிர் பிடிக்கும்?"னு கேட்டுப் பாருங்க.