வெள்ளம் போன தடத்தில் ஒரு நெடுஞ்சாலை

சிகாகோவில் ஐ-90 நெடுஞ்சாலையில் ஏறினால் சாலை மாறாமலே சியாட்டில் போய்ச் சேரலாம். சுமார் 3,300 கி.மீ. விரட்டி ஓட்டினால் மூன்று, நான்கு நாளில் முடியும். என்னைக் கேட்டால் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். விஸ்கான்சினும் மினசோட்டாவும் மக்காச்சோளக் காடும் மாட்டுப்பண்ணையுமாகக் கழியும். தெற்கு டகோட்டாவில் மிசூரி ஆற்றைத் தாண்டும்போது மட்டும் தூங்கிவிடாதீர்கள். கிழக்கே பனியுகத்தின் பனிப்படலம் இழைத்துவிட்டுப் போன விளைநிலம். மேற்கே பனி எட்டாத மேய்ச்சல் மேடுகள். ஒரே பாலத்தில் நிலத்தின் முகம் மாறிவிடும்.

ஆனால் இந்தச் சாலையின் பெரிய கதை மொன்டானா மாநிலத்து மிசூலா நகரில்தான் தொடங்குகிறது. ஊரின் விளிம்பில் சென்டினல், ஜம்போ என்று இரண்டு மொட்டை மலைகள். சாய்வெயிலில் பார்த்தால், புல் மூடிய சரிவில் மெல்லிய கிடைக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். கோயில் குளத்தில் தண்ணீர் இறங்க இறங்கச் சுவரில் கறை விட்டுப்போகுமே, அதே போல. அவை அலைகள் அரித்த கரைகள். இன்று கடைத்தெரு இருக்கும் இடத்தில் ஒருகாலத்தில் ஏறத்தாழ 290 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது.

அந்த ஏரிக்கு அணை கட்டியது பனி. கனடாவிலிருந்து இறங்கிவந்த பனிப்படலத்தின் ஒரு நாக்கு, இன்றைய ஐடஹோவில் கிளார்க் ஃபோர்க் ஆற்றின் குறுக்கே 600 மீட்டர் உயரத்துக்கு அடைத்துக்கொண்டது. பின்னால் தேங்கிய நீர் சுமார் 2,100 கன கி.மீ.; நம் செய்தித்தாள் கணக்கில் 70,000 டி.எம்.சி.க்கும் மேல். ஈரி, ஒன்டாரியோ என்ற இரண்டு பெரிய ஏரிகளையும் சேர்த்தால் வரும் அளவு. பனி, தண்ணீரில் மிதக்கும் பொருள். நீர்மட்டம் அணை உயரத்தில் பத்தில் ஒன்பது பங்கை நெருங்கினால் பனிக்கட்டி தரையை விட்டு எழும்பப் பார்க்கும். அடியில் நீர் புகுந்து குடைந்துவிட்டால் பிறகு அணை ஏது? இரண்டு, மூன்று நாளில் ஏரி காலி. தண்ணீர் சில இடங்களில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பாய்ந்திருக்கிறது. பனி மறுபடி நகர்ந்துவந்து ஆற்றை அடைக்கும், ஏரி நிறையும், மறுபடி உடையும். 18,000 முதல் 15,000 ஆண்டுகளுக்கு முன்பு இது பல பத்து முறை நடந்திருக்கிறது.

இந்த வெள்ளத்தைக் கண்டுபிடித்தவர் ஜே ஹார்லன் பிரெட்ஸ். அந்த ‘ஜே’ இனிஷியல் அல்ல, அதற்கு விரிவும் கிடையாது, அவராகவே சேர்த்துக்கொண்டது. சியாட்டிலில் பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு சிகாகோவில் பேராசிரியர் ஆனவர். நம் பயணத்தின் இரு முனைகளும் அவர் வாழ்ந்த ஊர்கள். வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கே உள்ள வறண்ட பள்ளங்களைக் காலால் அளந்துவிட்டு, இவற்றை ஒரு பெருவெள்ளம்தான் வெட்டியது என்று 1923-இல் எழுதினார். எல்லாம் மெல்ல மெல்லத்தான் நடக்கும் என்று நம்பிய நிலவியலாளர்களுக்கு அதில் பைபிளின் நோவா கால வெள்ளத்தின் வாடை அடித்தது. 1927-இல் வாஷிங்டன் டி.சி.யில் கூட்டம் போட்டு அவரைக் கிழித்தெடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த நிலத்தில் கால் வைத்ததே இல்லை! இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு மட்டும் பிரெட்ஸிடம் சரியான பதில் இல்லை. மிசூலா ஏரி என்ற அந்தப் பனியணை ஏரியைப் பற்றி 1910-லேயே எழுதியிருந்த நிலவியலாளர் ஜோசப் பார்டி அதே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார், வாய் திறக்கவில்லை. அந்த ஏரிப்படுகையில் 10 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் சரளை அலை வரிகளை அவர் கட்டுரையில் விவரித்தது 1942-இல்தான். தேங்கிய ஏரி அப்படி வரி போடாது. பாய்ந்து வெளியேறியிருந்தால்தான் போடும்.

மிசூலாவை விட்டு மேற்கே போனால் சாலை அந்த வெள்ளத்தின் தடத்தையே பிடித்துக்கொள்கிறது. ஸ்போக்கேன் நகரத்தார் இன்று குடிப்பது, வெள்ளம் கொட்டிவிட்டுப் போன சரளைப் படுகையில் ஊறும் நிலத்தடி நீர். அடுத்து ஸ்ப்ரேக் அருகே மண்ணே இல்லாத கறுத்த எரிமலைப் பாறை, நடுநடுவே குட்டைகள். ஆறாத புண்ணின் பொருக்கு போல இருப்பதால் ஊர்க்காரர்கள் இதைப் பொருக்கு நிலம் என்றே அழைக்கிறார்கள். சற்றுத் தள்ளி ரிட்ஸ்வில்லில் வெள்ளம் ஏறாத மேட்டில் பழைய மண் அப்படியே கிடக்க, கோதுமை விளைகிறது. மோசஸ் லேக்கில் வடக்கே திரும்ப நேரமிருந்தால் ‘வறண்ட அருவி’யைப் பார்க்கலாம். 120 மீட்டர் உயரம், ஐந்தரை கி.மீ. அகலம். நயாகராவில் உயரம் பாதிக்கும் குறைவு. இங்கே ஒரு சொட்டு விழுவதில்லை.

அமெரிக்க நிலவியல் கழகம் தன் உயரிய விருதான பென்ரோஸ் பதக்கத்தை 1979-இல் பிரெட்ஸுக்கு அளித்தது. அப்போது அவருக்கு வயது 96. எதிரிகள் எல்லோரும் செத்துப்போனார்களே, யாரிடம் போய் பீற்றிக்கொள்வது என்று மகனிடம் குறைப்பட்டாராம்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வான்டேஜ் பாலத்துக்குச் சற்று முன்னால் 143-ஆம் எண் வெளிவழியில் இறங்குங்கள். சில நிமிடத்தில் ஃபிரெஞ்ச்மேன் கூலி என்ற பள்ளத்தாக்கு வரும். எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகிய தூண்களை வெள்ளம் உரித்து நிறுத்தியிருக்கிறது, கைவைத்தே தொடலாம். குடிநீரை மட்டும் மோசஸ் லேக்கிலேயே நிரப்பிக்கொண்டு போங்கள், பள்ளத்தாக்கில் கிடைக்காது.