கேட்டறிந்து கட்டியவர்

நம்மவர் வீடு கட்ட எண்ணியதும் முதலிற் காணியைத் தேடுவர். அடுத்துச் சோதிடரை நாடுவர். பின்னர் மேசனை அழைப்பர். கட்டடக் கலைஞர் என்றொருவர் நினைவுக்கு வருவது அரிது. அவர் செல்வந்தருக்கே உரியவர், முகப்பை அழகு செய்பவர் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அவ்வெண்ணம் தவறென்பதற்குச் சான்று தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. கண்டிக்குச் சென்றாற் போதும்.

கண்டி நகரை அடுத்துள்ள வட்டப்புளுவ என்னுமிடத்தில் அரசாங்க ஊழியருக்கென ஒரு குடியிருப்பு அமைந்தது. அதனை அமைத்தவர் மினெட் டி சில்வா அம்மையார். கண்டியிற் பிறந்து, பம்பாயிலும் இலண்டனிலும் பயின்று, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண்மணி இவர். இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு ஒரே படத்தை வரைந்து கொடுத்திருந்தால் வேலை எளிதாய் முடிந்திருக்கும். அம்மையாரோ குடியேறவிருந்த குடும்பங்களிடம் வினாப் பத்திரங்களை வழங்கினார்; நேரிலும் கண்டு பேசினார். குடும்பத்தில் எத்தனை பேர், வழிபாட்டுக்கு இடம் வேண்டுமா, எவ்வளவு செலவு தாங்கும் என்றெல்லாம் அறிந்த பின்னரே பல வகை வீடுகளை வகுத்தார். நிலத்தின் சரிவை வெட்டிச் சமனாக்காது, சரிவுக்கேற்ப வீடுகளை அமைத்தார்.

குடியிருப்பு நிறைவெய்திய 1958ஆம் ஆண்டு நாம் எளிதில் மறக்கக்கூடியதன்று. நாட்டில் இனக்கலவரம் மூண்டு தமிழர் பலர் உயிரையும் உடைமையையும் இழந்த ஆண்டு அது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் ஆகியோர் அண்டை வீட்டாராக வாழ்வதற்குரிய இடம் அவ்வாண்டிலேயே உருப்பெற்றது. கலவரத்தைத் தடுக்கும் ஆற்றல் எந்தக் கட்டடத்துக்கும் இல்லைதான். எனினும் ஒவ்வொரு குடும்பத்தின் வழக்கமும் மதிக்கத்தக்கது என்று கருதி ஒருவர் கோடு வரைந்தார் என்பது சிறிய செய்தியா?

இத்தகையவர் 1998இல் வறுமையுற்ற நிலையில் மறைந்தார். இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் தங்கப் பதக்கம் அவரை வந்தடைந்தது 1996இல்! காலங் கடந்து பாராட்டுவதில் நமக்கு இணை நாமே.

வீட்டுக்காரரைக் கேட்டால் மட்டும் போதாது, அயலாரையும் எண்ணவேண்டும். களனியில் வாழும் எம்போன்றோர்க்கு இது பட்டறிவு. மழைநீரை ஏந்தி வைத்திருக்கும் சதுப்பு நிலத்தை நிரப்பி ஒருவர் மாடி எழுப்பினால், அந்நீர் பக்கத்து வீட்டு வாசலைத் தேடி வரும். 2016ஆம் ஆண்டு மே மாதம் களனி கங்கை பெருகியபோது தாழ்நிலத்து மக்கள் பட்ட துயரம் கொஞ்சமன்று. கொழும்பு 2018இல் உலகின் ஈரநில நகரங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. அப்பெருமையைக் காக்கும் பொறுப்பு, நிரப்பிய நிலத்துக்குப் படம் வரைய மறுக்கும் துணிவுடையோரிடமும் உண்டு.

அண்மையில் வெள்ளவத்தையில் உறவினர் வாங்கவிருந்த தொடர்மாடி வீடொன்றைப் பார்க்கப் பெரியம்மாவுடன் சென்றேன். விற்க வந்த இளைஞர் பளிங்குத் தரையையும் மின்தூக்கியையும் புகழ்ந்துகொண்டே போனார். பெரியம்மா சமையலறையில் நின்று நாற்புறமும் பார்த்தார், யன்னல் இல்லை.

“தம்பி, தாளிக்கிற புகை எந்தப் பக்கத்தாலை போகும்?”

“புகையை இழுக்க மின்விசிறி பூட்டியிருக்கிறம், அம்மா.”

2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியதைப் பெரியம்மா மறக்கவில்லை.

“கரண்ட் இல்லாத நாளிலை?” என்றார்.

இளைஞர் கையிலிருந்த வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.