அக்டோபரில் பிறந்த புத்தாண்டு

2022 டிசம்பர் 31, இரவு பதினொன்றரை. வானொலி நிலையத்தில் புத்தாண்டு நேரலையில் இருந்தேன். ஒரு பாட்டு ஓடி முடிவதற்குள் கைப்பேசியை எட்டிப் பார்த்தேன். அம்மா அனுப்பியிருந்தார்: "தம்பி இன்னும் வீட்டுக்கு வரல. போன் எடுக்கல. சாப்பிட்டானான்னு தெரியல."

பன்னிரண்டு மணிக்கு நேயர்களுக்கு வாழ்த்துச் சொன்னேன். அதே விநாடியில் சிங்கப்பூரில் பொருள், சேவை வரி 7 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. என் தம்பி வேலை பார்க்கும் சிறிய நிறுவனம், கடைகளுக்கான ரசீதுச் செயலியை ஜாவா மொழியில் எழுதித் தருகிறது. கடை முகப்பிலும் இணையக் கடையிலும் அதே செயலிதான் ஓடும். அந்த ஏழை எட்டாக்குவதுதான் அன்றிரவு அவனுக்கு வேலை. ஒரு நிமிட வேலை போலத் தோன்றுகிறது, இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவன் வீடு திரும்பியது மறுநாள் மாலையில். ஆறு மாத புரபேஷனில் அது ஐந்தாவது மாதம். அம்மா எடுத்து வைத்த சாப்பாட்டைத் தொடாமல், "அக்கா, வேலையை விட்டுறலாம்னு இருக்கேன்" என்றான்.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. படித்தது ஊடகத் துறை. ஆனால் கேள்வி கேட்கத் தெரியும். அன்றிரவு அவனிடம் கேட்க ஆரம்பித்தது ஓராண்டு நீடித்தது. கணினித் துறையில் பிள்ளைகள் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு, அவர்கள் ஏன் சில இரவுகளில் வீட்டுக்கு வருவதில்லை என்பது இதைப் படித்தால் கொஞ்சம் புரியலாம்.

ஒளிந்திருந்த ஏழு

அந்தச் செயலியை முதலில் எழுதியவர்கள், வரி விகிதத்தை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். 2007 ஜூலையிலிருந்து வரி 7 விழுக்காடாகவே இருந்ததால் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ரசீது அச்சிடும் பகுதியில் ஓர் ஏழு, இணையக் கடைப் பகுதியில் ஓர் ஏழு, மாதக் கணக்கில் ஓர் ஏழு. தம்பியும் அவன் குழுவும் 0.07 என்று இருந்த இடங்களையெல்லாம் தேடி 0.08 என்று மாற்றினார்கள்.

அதில் இரண்டு தவறுகள் நேர்ந்தன. நம் கடைகளில் விலைச்சீட்டிலேயே வரியும் சேர்ந்திருக்கும். அதில் வரி மட்டும் எவ்வளவு என்று பிரிக்க, விலையை 107ஆல் வகுத்து 7ஆல் பெருக்குவார்கள். தேடியது 0.07 என்பதால், இந்த 107 கண்ணில் படவில்லை. 108 வெள்ளிப் பொருளுக்கு வரி 8 வெள்ளி என்று காட்ட வேண்டிய ரசீது, 7.07 வெள்ளி என்று காட்டியது.

இரண்டாவது தவறு இன்னும் மோசம். ஒரு கடை தன் உறுப்பினர்களுக்கு 7 விழுக்காடு தள்ளுபடி தந்து வந்தது. நிரலில் அதுவும் 0.07தான். வரியோடு சேர்ந்து அதுவும் எட்டாகிவிட்டது. கடைக்காரர் தமக்கே தெரியாமல் அன்று காலை முழுவதும் கூடுதல் தள்ளுபடி கொடுத்துக்கொண்டிருந்தார். மாற்றத்தைச் செய்தவன் என் தம்பி.

"முன்னாடியே ஒத்திகை பார்த்திருக்கலாமேடா?" என்றேன்.

"எப்படிக்கா? ரசீது போடுற பகுதியே வங்கிக்கட்டணச் சேவைக்குத் தானா இணைப்பு போடும். தரவுத்தளத்தைத் தானா திறக்கும். தேதியைக் கணினிகிட்ட தானா கேட்கும். ஒரு ரசீதைச் சோதிச்சுப் பார்க்கணும்னா யாரோட அட்டையிலாவது உண்மையாவே பணம் எடுக்கணும்."

மைக்கை யார் கொண்டு வருவது?

நல்லவேளை, நிறுவனம் அவனை அனுப்பிவிடவில்லை. புரபேஷனை மூன்று மாதம் நீட்டித்து, "அடுத்த ஜனவரியில் வரி 9 ஆகப்போகிறது. அதற்குள் இதைச் சரிசெய்" என்று சொன்னது. பிப்ரவரியில் ஒரு நாள், தேக்காவில் தோசை சாப்பிடும்போது, சரிசெய்யும் வழிக்குப் பெயர் 'டிபெண்டன்சி இஞ்செக்‌ஷன்' என்றான்.

"இஞ்செக்‌ஷனா? பலதுறை மருந்தகத்துக்கா போறே?" என்று கேலி செய்தேன். அவன் திருப்பிக் கேட்டான்: "நிகழ்ச்சி பண்ணப் போறப்ப மைக்கை நீயே வாங்கிட்டுப் போவியா அக்கா?"

இல்லைதான். ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழையும்போது மைக் தயாராக இருக்கும். வெளிப்புற நிகழ்ச்சி என்றால் பொறியாளர் வேறு மைக்கைக் கையில் தருவார். பயிற்சியின்போது தருகிற மைக்கில் பேசுவது எங்கும் ஒலிபரப்பாகாது. எதைத் தந்தாலும் என் வேலை பேசுவது மட்டுமே.

டிபெண்டன்சி இஞ்செக்‌ஷனும் அப்படித்தான். டிபெண்டன்சி என்றால் ஒரு பகுதி தன் வேலைக்கு நம்பியிருக்கும் இன்னொரு பகுதி. ரசீதுப் பகுதிக்குக் கட்டணச் சேவை வேண்டும், தரவுத்தளம் வேண்டும், கடிகாரம் வேண்டும். அவற்றை அது தானே உருவாக்கக் கூடாது. ஜாவாவில் ஒரு பகுதி உருவாகும் இடத்துக்குக் கன்ஸ்ட்ரக்டர் என்று பெயர். 'எனக்கு இவை இவை வேண்டும்' என்று அங்கே கேட்டால் போதும். கொடுப்பது வேறொருவர் பொறுப்பு. கடை திறந்திருக்கும்போது உண்மையான கட்டணச் சேவையைக் கொடுக்கலாம். ஒத்திகையில், பணம் எடுக்காமல் குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும் போலிச் சேவையைக் கொடுக்கலாம். ரசீதுப் பகுதிக்கு இரண்டும் ஒன்றே.

இந்த முறைக்கு அந்தப் பெயரைப் பரவலாக்கியது, மார்ட்டின் ஃபவுலர் 2004 ஜனவரியில் எழுதிய ஒரு கட்டுரை. அதே ஆண்டு மார்ச்சில் வெளிவந்த 'ஸ்பிரிங்' என்ற கட்டமைப்பு, ஜாவா உலகில் இதை எல்லார் கைக்கும் கொண்டு சேர்த்தது. ராட் ஜான்சன் 2002இல் வெளியிட்ட நூலில் இருந்த நிரல்தான் அதன் விதை. முந்தைய கடினமான ஜாவா முறைகள் குளிர்காலம் என்றால் இது வசந்தம் என்ற பொருளில் வைத்த பெயர். ஜான்சன் முனைவர் பட்டம் பெற்றது இசையியலில் என்று தம்பி சொன்னபோது, வானொலிக்காரியான எனக்குத் தனி மகிழ்ச்சி.

செயலி தொடங்கும்போதே ஸ்பிரிங் எந்தப் பகுதிக்கு எது வேண்டும் என்று பார்த்து, வரிசையாக உருவாக்கி, ஒன்றோடொன்றைப் பொருத்துகிறது. கன்ஸ்ட்ரக்டரில் கட்டாயமாகக் கேட்ட ஒன்று இல்லையென்றால் செயலி தொடங்காது. தம்பிக்கு அதில் மிகவும் பிடித்தது அதுதான். "வாடிக்கையாளர் முன்னாடி நடுராத்திரி விழுறதைவிட, எங்க முன்னாடி காலையிலயே விழட்டும்" என்றான்.

வெளியே வைக்க வேண்டியவை

இரண்டாவது வேலை கன்ஃபிகரேஷன், அதாவது அமைவு விவரங்கள். கட்டணச் சேவையின் முகவரி, தரவுத்தளத்தின் கடவுச்சொல் போன்றவை சோதனைக் கணினியில் ஒன்றாகவும் கடையில் ஓடும் கணினியில் வேறாகவும் இருக்கும். இவற்றை நிரலிலிருந்து பிரித்துத் தனியே வைக்க வேண்டும். ஹெரோக்கு நிறுவனத்தினர் 2011இல் எழுதிவைத்த பன்னிரண்டு நெறிகளில் இதுவும் ஒன்று. அதைச் சோதிக்க எளிய வழியும் சொல்லியிருக்கிறார்கள்: உங்கள் நிரலை இந்த நிமிடமே ஊருக்குத் திறந்து காட்டினால், ஏதாவது ரகசியம் வெளியாகுமா? ஆகும் என்றால் பிரிக்க வேண்டியது இன்னும் பாக்கி.

2014இல் வந்த 'ஸ்பிரிங் பூட்' இதை எளிதாக்கியது. பொதுவான விவரங்கள் ஓர் அமைவுக் கோப்பில் இருக்கும். செயலி ஓடும் கணினி வேறு மதிப்பைத் தந்தால் கோப்பில் உள்ளதை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்ளும். 'சோதனை', 'கடை' என்று தனித்தனித் தொகுப்புகளும் வைத்துக்கொள்ளலாம். நிரலில் ஓர் எழுத்தைக்கூடத் தொட வேண்டாம்.

"அப்படின்னா வரியையும் கோப்பில் போட்டு, 8ஐ 9 ஆக்கிட்டா முடிஞ்சுதே?" என்றேன். அங்கேயும் ஒரு சிக்கல் இருந்தது. டிசம்பரில் 8 விழுக்காடு வரியோடு வாங்கிய பொருளை ஜனவரியில் ஒருவர் திருப்பிக் கொடுத்தால், பழைய வரிப்படிதான் பணத்தைத் திருப்ப வேண்டும். அதனால் ஒரே எண் போதாது. எந்தத் தேதியிலிருந்து எந்த விகிதம் என்ற அட்டவணை வேண்டும்.

ஜோகூரில் இருக்கும் எங்கள் பெரியம்மா மகன் இதைக் கேட்டுச் சிரித்தார். அவரும் இதே துறைதான். மலேசியாவில் 2015 ஏப்ரல் 1 அன்று பொருள், சேவை வரி 6 விழுக்காட்டில் தொடங்கியது. 2018 ஜூன் 1 அன்று அது சுழியமானது. செப்டம்பர் 1 அன்று விற்பனை, சேவை வரி திரும்ப வந்தது. "உங்களுக்கு எண்தான் மாறுச்சு, எங்களுக்கு வரியே மாறுச்சு" என்றார். கைக்குக் கை விதிக்கப்பட்ட வரி போய், உற்பத்தி, இறக்குமதி நிலையிலும் சில சேவைகளிலும் மட்டும் விதிக்கப்படும் வரி வந்தது. கணக்கிடும் முறையே வேறு.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அப்போதுதான் எனக்கு விளங்கியது. எண் மாறினால் அமைவு விவரத்தை மாற்றினால் போதும். முறையே மாறினால், பழைய வரிக் கணக்குப் பகுதியைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்த வேண்டும். கேட்டு வாங்கிப் பழகிய செயலியில்தான் அதை மற்ற பகுதிகளுக்கு நோகாமல் செய்ய முடியும்.

அக்டோபர் ஒத்திகை

வானொலியில் நாங்கள் பண்டிகைச் சிறப்பு நிகழ்ச்சிகளை முன்பே பதிவு செய்து வைப்போம். தம்பியின் குழுவும் 2023 அக்டோபரில் புத்தாண்டைக் கொண்டாடியது.

2014இல் வந்த ஜாவா 8இல் 'கிளாக்' என்று ஒன்று இருக்கிறது. தேதி தேவைப்படும் பகுதி கணினியை நேரடியாகக் கேட்காமல், தன்னிடம் தரப்பட்ட இந்தக் கடிகாரத்தைக் கேட்கும். ஒத்திகையில், ஒரே நேரத்தில் நின்றுபோன கடிகாரத்தைக் கொடுக்கலாம். டிசம்பர் 31 இரவு 11:59:59 காட்டும் கடிகாரத்தைக் கொடுத்தார்கள். ரசீதில் 8 விழுக்காடு. ஜனவரி 1 நள்ளிரவு 12 மணியைக் கொடுத்தார்கள். அப்போதும் 8 விழுக்காடு!

காரணம் நேர மண்டலம். அவர்களுடைய கணினிகள் அனைத்துலகப் பொது நேரத்தில் ஓடின. நமக்கு நள்ளிரவு ஆகும்போது அந்தக் கணக்கில் டிசம்பர் 31 மாலை 4 மணிதான். கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால், புத்தாண்டு அன்று காலை 8 மணி வரை கடைகள் பழைய வரியையே வசூலித்திருக்கும். சிங்கப்பூர் நேரத்தில் ஓடும் கடிகாரத்தைக் கொடுத்ததும் சரியானது.

எல்லாம் இனிமேல் சுகம் என்று தம்பி சொல்லவில்லை. ஒரே வரியில் எல்லாவற்றையும் மாற்றலாம் என்றால், ஒரே வரியில் எல்லாவற்றையும் கெடுக்கவும் செய்யலாம். 9க்குப் பதில் 90 என்று தட்டினால் எல்லாக் கடைகளிலும் 90தான். அதனால் எண் நம்பும்படியான அளவில் இருக்கிறதா என்று செயலி தொடங்கும்போதே சரிபார்க்க வைத்தார்கள். அமைவுக் கோப்பை மாற்றினாலும் இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்று விதி போட்டார்கள். பத்து வரி நிரலுக்கு ஸ்பிரிங் தேவையில்லை என்பதும் அவன் கருத்து. தொடக்கத்தில் ஸ்பிரிங்கின் பொருத்து விவரங்களை எக்ஸ்எம்எல் கோப்புகளில் பக்கம் பக்கமாக எழுதி அலுத்துப்போனவர்கள் பலர் என்றும் சொன்னான்.

2023 டிசம்பர் 31. மறுபடியும் நேரலை. பதினொன்றரைக்குப் பாட்டு ஓடும்போது கைப்பேசியைப் பார்த்தேன். அம்மா படம் அனுப்பியிருந்தார். சாப்பாட்டு மேசை, கோழிக் குழம்பு, எதிரே தம்பி. பக்கத்தில் மடிக்கணினி திறந்திருந்தது, ஆனால் அவன் கை தட்டில் இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டை ஒலிக்கவிட்டேன். 12:04க்கு அவனிடமிருந்து ஒரு ரசீதின் படம் வந்தது. 109 வெள்ளி, அதில் வரி 9 வெள்ளி. கீழே ஒரு வரி: "ஒண்ணுமே நடக்கலக்கா."

புத்தாண்டு வாழ்த்துகள் எத்தனையோ வந்தன. அன்றிரவு நான் இரண்டு முறை படித்தது அதை மட்டும்தான்.