கட்டுக்கரை வயலும் எருவின் கணக்கும்

திருக்குறளின் உழவு அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியனுக்கு ஒரு சங்கடம் உண்டு. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு குறள்களுள் முன்னது, உழுத புழுதி காற்பங்காகக் காய்ந்தால் ஒரு பிடி எருவும் வேண்டியதில்லை என்கிறது. பின்னதோ, உழுவதினும் எருவிடுதல் நன்று என்கிறது. "எதை ஐயா நம்புவது?" என்று மாணவர் கேட்பர். உரையாசிரியர்களைத் துணைக்கழைத்து இத்தனை காலமும் ஒருவாறு தப்பி வந்தேன். எனக்கு விடை காட்டியது உரைநூலன்று. 2021ஆம் ஆண்டின் காலபோகம்.

அருவியாற்று நீரைத் தேக்கத்து அணையின் வழியே பெற்று, நூற்றுக்கு மேற்பட்ட சிறு குளங்களுக்கு ஈந்து, முருங்கன் முதலாய ஊர்களின் வயல்களைக் காப்பது கட்டுக்கரைக் குளம். முருங்கன் மண் கரிய களி. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு ஒரு காலத்தில் இக்களியே சென்றது. மாரியில் காலைப் பற்றிக்கொள்ளும். கோடையிலோ கைத்தடி இறங்குமளவுக்கு வெடித்துக் கிடக்கும். என் மனைவியின் தம்பிக்கு அங்கே ஐந்து ஏக்கர் வயல்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது அதனை வரவேற்றுப் பாடசாலை மேடையில் பேசியவன் நான். முன்னோர் குழையும் சாணமும் இட்டு விளைவித்தனர் அன்றோ என்று முழங்கினேன், கைதட்டலும் பெற்றேன். மைத்துனன் கூட்டெருவை மட்டும் இட்டு விதைத்தான். நாற்பதாம் நாள் என்னை வரப்புக்கு அழைத்துச் சென்றான். அடியிலைகள் மஞ்சளித்திருந்தன. "அத்தான், குளத்திலே தண்ணீர் நிற்கிறது, பயிர் பட்டினி நிற்கிறது" என்றான். நவம்பரில் தடை நீங்கியது; ஆயின், கடையில் பசளை இல்லை. அறுவடையில் வழக்கமான மூடைகளில் பாதிக்குச் சற்று மேலாகவே தேறியது. நாடு முழுவதிலும் முந்திய காலபோகத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் தொன்னாக இருந்த நெல், அப்போகத்தில் 20 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது.

அதன் பின்னரே கணக்குப் பார்த்தேன். ஒரு தொன் நெல் விளைவதற்குப் பயிர் 15 முதல் 20 கிலோ வரை நைதரசனும், ஏறத்தாழ 3 கிலோ பொசுபரசும் கொள்ளும். 100 கிலோ யூரியாவில் 46 கிலோ நைதரசன் உண்டு. நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசன் உள்ள கூட்டெருவிலிருந்து அதைப் பெறுவதாயின் 4,600 கிலோ வேண்டும். முன்னோர் அத்தனை இட்டாரல்லர். அவர் விளைவும் இத்தனை இல்லை. மேடையில் நான் சொல்லாமல் விட்டது இந்தப் பின்பாதியையே.

2022இல் யூரியா திரும்பி வந்தது, மூடை பத்தாயிரம் ரூபாவாக. 2005இல் மானிய விலை 350 ரூபா என்பதை நினைத்தால் தலை சுற்றும். மைத்துனன் கடன்பட்டு வாங்கி எறிந்தான். பயிர் கருகருவென எழுந்தது. "பார்த்தீர்களா, ரீ.எஸ்.பி. இல்லாமலே விளைகிறது!" என்று மகிழ்ந்தான். முச்சுப்பர் பொசுபேற்றைத்தான் உழவர் அவ்வாறு சொல்வர். அது அப்போது கிடைக்கவில்லை. 2023இல் அமெரிக்க உதவியாக 36,000 தொன் வந்த பின்னரே நெல் விவசாயிகளின் கைக்கு மீண்டது.

அவன் கண்டது மெய். கொண்ட முடிவோ பிழை. நைதரசன் கைக்காசு போன்றது. இன்று இட்டது நாளை இலையில் தெரியும். பயிர் கொள்ளாத மிச்சம் காற்றோடும் நீரோடும் போய்விடும். ஆகையால்தான் அதைப் பலமுறை பங்கிட்டு இடுகின்றனர். பொசுபரசு வைப்புப் பணம். மண்ணில், சிறப்பாகச் சுண்ணமுள்ள மண்ணில், பிணைந்து கிடந்து சிறிது சிறிதாகவே வெளிவரும். பல்லாண்டு இட்டுவந்த வயல் சில போகங்களுக்கு அந்த வைப்பிலே சீவிக்கும். குறைவது கண்ணுக்குத் தெரியாது. தெரியும்போது தூர் குன்றும், வேர் குறுகும். யூரியாவை அள்ளிக் கொட்டினாலும் மணி கூடாது. பயிர் சாயும், நோயும் பற்றும்.

இதனை நெடுங்காலம் அளந்து பார்த்த வயல் இங்கிலாந்தில், ரோதம்ஸ்ரெட் என்னுமிடத்தில் உள்ளது. அங்கே கோதுமை, நமக்கோ அது பாணாகி மட்டுமே அறிமுகம். 1843இல் லோஸ், கில்பேட் என்னும் இருவர், ஒரே வயலைக் கீற்றுகளாக வகுத்து, ஒன்றுக்கு எருவே இடாமலும், ஏனையவற்றுக்கு வெவ்வேறு சத்தை வெவ்வேறு அளவில் இட்டும் விதைத்தனர். இன்றும் அது தொடர்கிறது. எருவே காணாத கீற்று எக்டயருக்கு ஏறத்தாழ ஒரு தொன் தந்துகொண்டே இருக்கிறது. பொசுபரசு முதலிய கனியச் சத்துகளை இட்டு நைதரசனை விடுத்த கீற்று, அதனினும் சிறிதே மேல். சாம்பற்சத்து இருந்தாற் போதும், நைதரசனைக் காற்றே தரும் என்று வாதிட்ட லீபிக் என்னும் பேரறிஞருக்கு அவ்வயலே மறுப்புரை ஆயிற்று. மேடையில் பேசியவருள் நான் தனியன் அல்லன் என்பதில் எனக்குச் சிறிது ஆறுதல்.

இனிக் குறளுக்கு வருவோம். நன்கு காய்ந்த மண் நனையும்போது, அதிலுள்ள மட்கு விரைந்து சிதைந்து நைதரசனை வெளியிடும் என்பது மண்ணியலார் கண்டது. புழுதியைக் காயவிடச் சொன்ன குறள் மெய்யே. ஆயின், அது இருப்பை எடுக்கும் வழி, சேர்க்கும் வழியன்று. ஆதலின் எருவைச் சொல்லும் குறள் அடுத்து வந்தது என்று இப்போது வகுப்பில் சொல்கிறேன்.

சென்ற கோடையில் மைத்துனன் வயலின் ஐந்தாறு இடங்களில் மண்ணெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினான். பை கட்டிக் கொடுத்தவன் நான். முடிவுத்தாளுடன் வீட்டுக்கு வந்தவன், "இந்த முறை யூரியாவிலே ஒரு மூடை குறைக்கலாம் போல இருக்கிறது, அத்தான். பிறகு மேடையிலே ஏறிவிடாதீர்கள்" என்றான்.