சக்தி சிப்புக்கு நேரம் சொல்வது யார்?

ஆரணி, திருமலைப் பக்கம் குழித்தறியில் பட்டு நெய்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நாடா பாவுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது மிதியை மாற்றக் கூடாது என்பார்கள். மாற்றினால் நாடா நடுவில் சிக்கும், இழை அறும், அறுந்ததைப் பிணைத்த பிறகுதான் அடுத்த ஊடை. கணினிச் செயலிக்கும் இதே விதிதான். தகவல் வந்து சேர்வதற்குள் கடிகாரத் துடிப்பு விழுந்துவிட்டால் கணக்கு தப்பும். ஒரே வித்தியாசம், அங்கே துடிப்பு ஒரு நொடிக்கு 100 கோடி முறை விழும்.

அந்தத் துடிப்பு எங்கிருந்து வருகிறது? போர்டில் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நாணயமானது, ஆனால் மெதுவானது. பெரும்பாலும் 25 மெகாஹெர்ட்ஸ் போலத்தான் கிடைக்கும். வேகம் கூட்ட வேண்டுமானால் படிகத்தை இன்னும் மெல்லியதாக அறுக்க வேண்டும். ஓர் அளவுக்கு மேல் அது தாங்காது. சிலிக்கானிலேயே துடிப்பை எழுப்பும் ஓர் அலையியற்றி கட்டினால் 1,000 மெகாஹெர்ட்ஸ் சுலபம். ஆனால் சிப் சூடேறினால் ஒரு வேகம், வோல்டேஜ் இறங்கினால் வேறொரு வேகம்.

இரண்டையும் சேர்த்துக் கட்டுகிற சுற்றுக்குப் பெயர் பிஎல்எல், ஃபேஸ் லாக்டு லூப். அலையியற்றியின் துடிப்பை 40ஆல் வகுத்து, படிகத்தின் துடிப்போடு ஒப்பிடுவார்கள். அலையியற்றி முந்தினால் சுற்று ஒரு மின்தேக்கியிலிருந்து சிறிது மின்னூட்டத்தை எடுக்கிறது, பிந்தினால் சிறிது ஏற்றுகிறது. அந்த மின்தேக்கியின் வோல்டேஜ்தான் அலையியற்றியின் வேகத்தைத் தீர்மானிக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தி நின்றுவிட்டால் 'லாக்' ஆகிவிட்டது என்பார்கள். அதுவரை செயலியை எழுப்பாமல் ரீசெட்டிலேயே வைத்திருப்பது வழக்கம்.

வடிவமைப்பவர் திணறும் இடம் வேறு. அவசரமாகத் திருத்தினால் படிகத்தின் பக்கத்து இரைச்சலும் உள்ளே வரும். நிதானமாகத் திருத்தினால் அலையியற்றியின் சொந்த நடுக்கம் அப்படியே தங்கும். இந்த நடுக்கத்தைத்தான் ஜிட்டர் என்கிறார்கள். இன்னொரு தொல்லை, துடிப்பு சிப்பின் மூலை முடுக்குக்குப் போய்ச் சேரவே நேரம் பிடிக்கிறது. அதற்கு ஓர் அழகான வழி உண்டு: ஒப்பிட வேண்டிய துடிப்பைக் கம்பியின் தொடக்கத்தில் எடுக்காமல் கடைசி முனையில் எடுப்பது. தாமதமும் சேர்ந்து திருத்தப்பட்டுவிடும்.

பிஎல்எல் 1932இல் பிரான்சின் பெல்சீஸ் என்பவர் வானொலிக்காக எழுதிய யோசனை. 1990களின் தொடக்கத்தில் இன்டெல் 486 போன்ற செயலிகளுக்குள் குடியேறியது.

நம் ஊர்ச் 'சக்தி'க்கு வருவோம். சென்னை ஐஐடியில் காமகோடி தலைமையில் உருவான இந்தச் செயலிக் குடும்பத்தின் சிப்புகள் 2018இல் அமெரிக்காவில் இன்டெல்லின் 22 நானோமீட்டர் ஆலையிலும், மொகாலி செமிகண்டக்டர் ஆய்வகத்தின் 180 நானோமீட்டர் ஆலையிலும் தயாராயின. சக்தியின் தர்க்கம் திறந்த மூல நிரல். எந்த ஆலைக்கும் எடுத்துப் போகலாம். பிஎல்எல் அப்படி இல்லை. ஆலை மாறினால் டிரான்சிஸ்டரின் குணம் மாறும், சுற்றை முதலிலிருந்து வரைய வேண்டும். உள்நாட்டுச் சிப் என்று பெருமைப்படும்போது இந்தப் பகுதியை யார் வரைந்தார்கள் என்று நாம் கேட்பதே இல்லை.

பிஎல்எல் போன்ற அனலாக் சுற்று என்றாலே கல்லூரிப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். ஐடி வேலைக்குக் கோடிங் போதும் என்ற எண்ணம். ஆரணிக்குப் பக்கத்தில் தச்சூரிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கிறது. பிஎல்எல் பற்றிச் சென்னை ஐஐடி ஆசிரியர்கள் நடத்தும் பாடம் என்பிடெல் இணையதளத்தில் இலவசம். உங்கள் வீட்டில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளை இருந்தால் முதல் வகுப்பையாவது பார்க்கச் சொல்லுங்கள்.