சிறகடிக்காத கழுகு

வலப்பனை மலைச்சரிவில் பிற்பகல் வேளையில் நின்று பார்த்தவர்கள் அறிவர். கீழே மகாவலிப் பள்ளத்தாக்கு வெயிலில் காய்ந்து கிடக்க, அங்கிருந்து புறப்படும் காற்று தேயிலைக் கொழுந்துகளை அலைத்துக்கொண்டு மேல்நோக்கி ஏறி வரும். அந்தக் காற்றில் ஒரு கழுகு வட்டமிடும். சிறகை ஒருமுறையேனும் அடிக்காது. ஆயினும் வட்டத்துக்கு வட்டம் உயர்ந்துகொண்டே போகும்.

1975ஆம் ஆண்டின் முதலாந் தவணையில், தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் புதிதாக ஆசிரியப் பணி ஏற்றிருந்தேன். ஐந்தாம் வகுப்பிலே ஒரு பையன் சன்னல் வழியே அந்தக் கழுகைக் காட்டி, “ரெக்க அடிக்காமலே எப்புடிங்க சேர் மேல போவுது?” என்று கேட்டான். கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. “கரும்பலகையைப் பார்” என்றேன். அவனும் பார்த்தான். அவ்வளவில் அக்கேள்வி முடிந்தது என்றே நினைத்தேன்.

அக்காலத்தில் மலையகத்துப் பிள்ளைகளின் வாயெல்லாம் ஆகாய விமானப் பேச்சாகவே இருந்தது. காரணம் மகிழ்ச்சிக்குரியதன்று. 1974 டிசெம்பர் 4ஆந் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு கொழும்பை நோக்கி வந்த டி.சி.8 விமானம், நோர்ட்டன்பிரிட்ஜுக்கு அண்மையிலுள்ள ஏழு கன்னியர் மலையில் மோதிச் சிதறியது. அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். தலைக்கு மேலே வெள்ளிக் கீற்றாய்ப் போய்க்கொண்டிருந்த விமானம், எங்கள் மக்களின் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்தது உடைந்த தகடாகத்தான்.

அதற்கு முன் நாங்கள் அறிந்த விமானம் புட்பகம் ஒன்றே. வலப்பனைக்குக் கீழே, மகாவலி வளைந்தோடும் மகியங்கனைப் பக்கத்து வெரகன்தோட்டையில் இராவணனின் விமானம் இறங்கியதாக ஊர்க்கதை உண்டு. கதையை நான் பழிக்கவில்லை. ஆயினும் ஓர் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு மனக்குறை. நினைத்த மாத்திரத்தில் பறக்கும் ஊர்தியிடம் காற்றைப்பற்றிக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? வியக்கலாம்; வியந்து கும்பிடலாம்.

வியப்பு வேறு, காதல் வேறு. பறத்தலின்மீது காதல் கொண்டவர்களின் இளமையை ஆராய்ந்தால், பெரும்பாலும் அண்மையில் ஒரு மனிதர் நிற்பதைக் காணலாம். ஜே. ஆர். டி. டாட்டாவின் குடும்பத்துக்குப் பிரான்சின் ஆர்டலோ கடற்கரையில் விடுமுறை இல்லம் ஒன்று இருந்தது. 1909இல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதல் விமானத்தில் கடந்த லூயி பிளேரியோ அவ்வூரில் அவர்களுக்கு அயலவர். வீரபுருடன் அயல்வீட்டுக்காரனாக இருக்கும் பேறு எத்தனை சிறுவருக்கு வாய்க்கும்! அந்தச் சிறுவன் வளர்ந்து, 1932 ஒக்டோபர் 15ஆந் திகதி கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தைத் தாமே ஓட்டிச் சென்றார்.

அதே நாளில் இராமேசுவரத்தில் ஒரு குழந்தைக்கு வயது ஒன்று நிறைந்தது. அக்குழந்தை அப்துல் கலாம். அவருக்குப் பிளேரியோ இல்லை. சிவசுப்பிரமணிய ஐயர் என்ற பள்ளி ஆசிரியர் இருந்தார். ஐந்தாம் வகுப்பில் ஐயர் கரும்பலகையில் ஒரு பறவையை வரைந்து, அது சிறகால் எழும்புவதையும் வாலால் திசை திருப்புவதையும் விளக்கினார். விளங்கியதா என்று கேட்டபோது, விளங்கவில்லை என்றார் சிறுவன் கலாம். பிற பிள்ளைகளும் அவ்வாறே கூறினர். ஆசிரியர் சினக்கவில்லை. மாலையில் எல்லோரையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறந்துகொண்டிருந்த பறவைகளையே காட்டி விளக்கினார். தம் வாழ்வின் திசை அன்று தீர்மானமாயிற்று என்று கலாம் பிற்காலத்தில் பலமுறை பேசியும் எழுதியும் இருக்கிறார். தம் இல்லத்தார் தயங்கியபோது, அந்த முஸ்லிம் சிறுவனுக்குத் தம் கையாலேயே பரிமாறி, அருகிலமர்ந்து உண்டவரும் இதே ஐயர்தாம்.

பின்னர் குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில், காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்கள் அவர் மனத்தைக் கவர்ந்தன. அங்கே படிக்கையில் நம் விமானத்தை நாமே செய்வது பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதி, ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன் கையால் முதற்பரிசு பெற்றார். ‘துப்பறியும் சாம்பு’வைப் படைத்த தேவனேதான்! இலக்கியவாணர்கள் இதனை நினைவில் வைப்பது நன்று.

விமானியாகும் கனவு மட்டும் கைகூடவில்லை. தேராதூனில் விமானப்படைத் தேர்வுக்குச் சென்ற 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்ததோ எட்டுப் பேரை. 2006 ஜூன் 8ஆந் திகதி, இந்தியக் குடியரசுத் தலைவராக, 74ஆம் வயதில், பூனாவில் சுகோய் போர்விமானத்தில் ஏறிப் பறந்தபோதுதான் அந்த ஏக்கம் ஓரளவேனும் தணிந்திருக்கும்.

நிற்க. ஐயரின் கடற்கரைப் பாடத்தை நான் படித்தறிந்தபோது என் தலைமயிர் நரைத்துவிட்டது. படித்த அன்றே கழுகின் இரகசியத்தைத் தேடினேன். வெயிலில் சூடேறிய காற்று இலேசாகி மேலெழுகிறது. சரிவில் மோதும் காற்றும் மலையால் மேல்நோக்கித் திருப்பப்படுகிறது. விரித்த சிறகோடு கழுகு அக்காற்றினுள்ளே சறுக்கி இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. அது இறங்கும் வேகத்தைவிடக் காற்று ஏறும் வேகம் மிகுதி. ஆகவே இறங்கும் பறவை ஏறுகிறது. எஞ்சின் இல்லாத மிதவை விமானங்கள் மணிக்கணக்காக வானில் நிற்பதும் இந்த முறையால்தான். ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். கரும்பலகை கூட வேண்டியதில்லை; வாசலுக்கு வெளியே வந்தால் போதும்.

ஆனால் யாரிடம் சொல்வது? 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி அந்தப் பையனின் குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்திருந்தது. கேள்வி கேட்ட மறுவருடம் அவன் பெயரை இடாப்பிலிருந்து வெட்டினேன். நானுஓயாவில் அவர்கள் ஏறிய புகைவண்டிக்கு எங்கள் மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. சன்னலோரத்தில் இருந்த அவன் என்னைப் பார்த்துக் கைகாட்டினான். “போயிட்டு வாறேன் சேர்” என்றான்.

தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் இறங்கிய இடம் இராமேசுவரம். ஐயர் பாடம் நடத்திய அதே கரை. அவன் தலைக்கு மேலேயும் கடற்பறவைகள் பறந்திருக்கும். மூட்டை முடிச்சுகளோடு வரிசையில் நின்ற அந்தப் பிள்ளை அண்ணாந்து பார்த்தானா, பார்த்து மீண்டும் யாரிடமாவது கேட்டானா என்பதை நான் அறியேன்.