கோரையின் பாகப்பிரிவினை

"உழ உழக் கோரை கூடுகிறதே, ஏன்?" என்று மார்டள்ளியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மாதேஸ்வரன் மலைப் பக்கத்துத் தமிழூர் அது. 1997 வரை மைசூர் மாவட்டம், இப்போது சாமராஜநகர். உழுவதால்தான் கூடுகிறது என்பதே பதில். ஆனால் அந்தக் கோரையை ஒடுக்குவதும் உழவுதான். எப்போது உழுகிறோம் என்பதில் இருக்கிறது விஷயம்.

கொல்லையில் ஒரு கோரையைப் பிடுங்கினால் தண்டு மட்டும் கையோடு வரும். மண்வெட்டியால் தோண்டுங்கள். தண்டுக்கடியில் சின்னக் குமிழ், அதிலிருந்து கம்பிபோல் ஓடும் கிடைத்தண்டு, அதில் சுண்டைக்காய் அளவில் கருத்த கிழங்கு, மறுபடி கம்பி, மறுபடி கிழங்கு. நறுக்கினால் உள்ளே வெண்மை, நல்ல வாசனை. நாட்டுமருந்துக் கடையில் முத்தக்காசு என்று விற்பது இதைத்தான். விதை அரிதாகவே முளைக்கும். குலம் தழைப்பதெல்லாம் கிழங்கால்.

இந்தச் சங்கிலி ஒரு கூட்டுக்குடும்பம். நுனிக்கிழங்குதான் குடும்பத் தலைவர். அவர் முளைவிட்டிருக்கும்வரை மற்றவை முளைக்காமல் அடங்கிக் கிடக்கும். சங்கிலி வழியே செல்லும் ஹார்மோன்களின் கட்டுப்பாடு அது. ஈர மண்ணில் கலப்பை இறங்கியதும் சங்கிலி அறுந்து பாகப்பிரிவினை நடந்துவிடுகிறது. தலைவரின் சொல் இனி எட்டாது. ஆளுக்கொரு அடுப்பு. ஒவ்வொருவரிடமும் தன் பங்கு தானியமாக மாவுச்சத்து இருக்கிறது. அதை வைத்துத் தனிக்குடித்தனம் தொடங்கி, சில வாரங்களில் அவரவரும் ஒரு குடும்பத்துக்குத் தலைவராகிவிடுகிறார்கள். ஒரு கிழங்குக்குள்ளேயும் இதே ஆட்சிதான்: மேல்மொட்டைக் கிள்ளினால் அடுத்த மொட்டு எழும்.

'ஒரே தெளிப்பில் வேரோடு அழியும்' என்று விற்கும் களைக்கொல்லிகளை நான் நம்பாததும் இதனால்தான். கிளைபோசேட் இலையில் ஏறி, சர்க்கரை போகும் பாதையில் கீழே இறங்குகிறது. உறங்கும் கிழங்குக்குச் சர்க்கரை தேவையில்லை, ஆகவே மருந்தும் அதற்குள் போதுமான அளவு சேர்வதில்லை. மேலே எல்லாம் கருகும், பிறகு கீழிருந்து வரும். மூடாக்குத் தாளும் முழுக் காவல் இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தக்காளிப் பாத்திகளில் விரித்த தாளைக் கோரையின் ஊசிமுனை துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது.

வரலாறு சுருக்கமாக: 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் கோரைக்கு அறிவியல் பெயர் வைத்தார், 1977-இல் லீராய் ஹோல்மும் அவருடைய சகாக்களும் உலகின் மிக மோசமான களை என்று முதலிடம் கொடுத்தார்கள். சூடானின் அல் கிதாய் புதைகுழிகளில் பழங்கால மனிதர்களின் பற்காரையில் இதன் தடயம் கிடைத்ததாக 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களுக்குச் சொத்தைப்பல் குறைவாக இருந்ததற்கு இது காரணமாகலாம் என்றார்கள். 'ஆகலாம்', அவ்வளவுதான், அதைவைத்துக் கோரைப் பற்பொடி செய்யக் கிளம்ப வேண்டாம்.

அந்தக் கூட்டுக்குடும்பத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. கிணறு பொது. ஆழத்தில் உள்ள வேர் இழுக்கும் நீர்தான் சங்கிலி வழியே மேல்கிழங்குக்கு வருகிறது. வறட்சியில் பிரிந்தவருக்குத் தானியம் இருக்கும், தண்ணீர் இருக்காது. வெயிலில் கிடந்து உள்ளீரம் வற்றிய கிழங்கு பிறகு முளைப்பதில்லை.

ஆகவே மார்டள்ளி வாசகருக்கு: மாசி, பங்குனியில் மண் உலர்ந்தபின் உழுது, கட்டிகளைப் புரட்டிப் போட்டு, கிழங்குகளை வெயிலில் காயவிடுங்கள். அடுத்த மழையில் தப்பியவை எழும்போது, சீக்கிரம் படர்ந்து நிலத்தை மூடும் பயிர் நிற்கட்டும். கோரை நிழலில் செழிக்காது. ஒரே பருவத்தில் தீராது, இரண்டு மூன்று கோடையாவது இதைத் தொடர வேண்டும்.